இலகு டாங்கியின் அடிச்சட்டமும் அதன் மறுபிறப்புகளும்

ஒரு டாங்கி காலத்திற்கு ஒவ்வாததாகிவிட்டது என்று சேனையினர் முடிவுசெய்யும்பொழுது, உண்மையில் காலாவதியாவது அதன் பீரங்கியும் கவசத் தகடுமே ஆகும். எதிரியின் தகடு தடிப்பேறியதும் பீரங்கி பயனற்றுப்போகிறது. எதிரியின் குண்டு வலுவடைந்ததும் தகடு பயனற்றுப்போகிறது. ஆனால், அவ்விரண்டையும் சுமந்து செல்லும் எஞ்சின், கியர்ப் பெட்டி, தாங்கு சக்கரங்கள், சங்கிலிப் பட்டை ஆகியவை அவ்வளவு விரைவில் மூப்படைவதில்லை. பட்டறைகளில் சேஸிஸ் என்று வழங்கப்பெறும் இவ்வடிச்சட்டம், மேலே இருப்பவற்றை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினால், இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடியது. லாரியின் அடிச்சட்டத்தில் ஆழ்துளைப் பொறியும், டிராக்டரின் முன்னே மண்வாரித் தகடும் பொருத்தப்பட்டிருப்பதை நாள்தோறும் காணும் நம் களப்பணியாளர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இலகு டாங்கிகளே இவ்வாறு பெரும்பாலும் மறுபிறப்பு எடுத்துள்ளன. காரணம் எளிது. யுத்தத்தில் முதலில் பின்தங்குவது இலகு டாங்கி. ஆனால் மிகுதியாக உற்பத்தி செய்யப்பட்டதும், பழுதுபார்க்க எளியதும், பாலங்களிலும் சேற்றிலும் செல்ல வல்லதும் அதுவே. எனவே, தானே நகரும் பீரங்கி, விமான எதிர்ப்பு வண்டி, காலாட்படையை ஏற்றும் வண்டி, காயமுற்றோரை ஏற்றும் வண்டி, பாலம் இடும் வண்டி, பழுதான வண்டியை இழுத்துவரும் மீட்பு வண்டி எனப் பலவகைச் சிறப்பு வண்டிகள் இலகு டாங்கியின் அடிச்சட்டத்தின்மேல் எழுந்துள்ளன.

இம்மாற்றங்களுட் சில நன்கு பயன்பட்டன. சில அவற்றில் ஏறியவர்களையே வருத்தின. இவ்வேறுபாட்டிற்கு எஞ்சினின் வலிமை, பீரங்கியின் எடை, தகட்டின் தரம் எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவையெல்லாம் உண்மையே. எனினும், அவற்றுள் தலையாயது, எஞ்சின் வண்டியின் எப்பகுதியில் அமர்ந்திருக்கிறது என்பதே என்று கருதுகிறேன். இக்கேள்வியை வண்டி பழையதான பிறகு கேட்பதைவிட, அது வரைபடத்தில் இருக்கும்பொழுதே கேட்பது நலம். ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையமும் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சோராவர் என்னும் இலகு டாங்கி 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹஜிராவில் வெளிப்படுத்தப்பெற்று, அவ்வாண்டிலேயே பாலைவனத்திலும் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியிலும் சோதிக்கப்பெற்றது. ஆகையால் இக்கேள்வி இப்பொழுது நமக்கும் உரியதாகிறது.

முதலில் டாங்கியின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். லாரிக்கு நீண்ட இரு உத்தரங்கள் அடிச்சட்டமாக உள்ளன; டாங்கிக்கு அவ்வாறு தனிச் சட்டம் இல்லை. தகடுகளால் ஆன பெட்டி போன்ற உடற்கூடே அதன் சட்டம். வழக்கமாக முன்னே ஓட்டுநரும், நடுவே சுழல் கோபுரமும், பின்னே எஞ்சினும் அமையும். இரண்டாம் உலக யுத்த காலத்து ஜெர்மானிய, அமெரிக்க இலகு டாங்கிகளில் எஞ்சின் பின்னே இருப்பினும் கியர்ப் பெட்டி முன்னே இருந்தது. இரண்டையும் இணைக்கும் தண்டு வீரர்களின் காலடியில் ஓடிற்று. சுழல் கோபுரத்தை மட்டும் கருதினால் இவ்வமைப்பில் குறையேதும் இல்லை. ஆனால் கோபுரத்தை நீக்கிவிட்டு அதனிடத்தில் பெரும்பீரங்கியையோ பத்து வீரர்களையோ வைக்க முற்படும்பொழுது, பின்புறம் முழுவதையும் எஞ்சின் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பீரங்கியின் குழாய் முன்னே வெகுதூரம் நீள வேண்டும். அதற்குக் குண்டு ஊட்டுவோர் பின்னே நிற்க வேண்டும். அவர்களுக்கு நிற்க இடம் எஞ்சினின் மேல்தான் உண்டு.

இதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, 1940இல் பிரான்சின்மீது படையெடுத்த ஜெர்மானியர் கொண்டுவந்த வண்டி. ஏறத்தாழ 6 டன் எடையுள்ள முதலாம் பன்சர் என்னும் மிகச் சிறிய டாங்கியின் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, 15 சென்டிமீட்டர் காலாட்படைப் பீரங்கியை அதன் சக்கரங்களோடு கூடவே தூக்கி வைத்து, மூன்று புறமும் மெல்லிய தகடு கட்டினர். வண்டியின் எடை 8 டன்னைத் தாண்டிற்று. உயரமோ மூன்று மீட்டரை நெருங்கிற்று. 100 குதிரைச்சக்தி எஞ்சின் அதை இழுக்க முடியாமல் திணறியது. அவ்வகையில் 38 வண்டிகளே கட்டப்பெற்றன. பார்வைக்குக் கழுதையின்மேல் வைத்த நெற்குதிர் போலிருந்த இவ்வண்டி ஓரளவு பயன்பட்டது. ஆயினும் அடிச்சட்டத்தின் தாங்குதிறனை மதியாது எதையும் ஏற்றலாகாது என்பதையும் காட்டிவிட்டது.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டக்கூடிய ஒரு கணக்கு இங்கே உள்ளது. ஜெர்மானியரின் 10.5 சென்டிமீட்டர் இலகு ஹௌவிட்சர் ஏறத்தாழ 14.8 கிலோகிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு 470 மீட்டர் வேகத்தில் எறிந்தது. குண்டின் உந்தம், எடையையும் வேகத்தையும் பெருக்க, சுமார் 7,000 அலகு ஆகும். அவ்வளவே உந்தம் பின்னோக்கி வண்டிக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அப்பீரங்கியை ஏற்றிய வண்டியின் எடை 11 டன். ஆகவே 7,000ஐ 11,000ஆல் வகுக்க, வண்டி வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உந்தப்படும். மெதுவாக நடக்கும் மனிதனின் வேகம் இது. கேட்பதற்குச் சிறிது, ஆனால் இவ்வுந்தம் ஒரு கணத்தில் வந்து தாக்குமாயின் தாங்கு சக்கரங்களின் அச்சுகள் நிலைக்கமாட்டா. இதற்காகவே பீரங்கிக் குழாய் எண்ணெயும் காற்றும் நிரம்பிய உருளைகளின் உதவியால் பின்னே வழுக்கிச் சென்று, அடியை நீண்ட நேரத்திற்குப் பரப்புகிறது. வழுக்கும் தூரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு விசை குறையும். ஆனால் வழுக்குவதற்கும் இடம் வேண்டும்! மீண்டும் நாம் எஞ்சின் அடைத்துக்கொண்டிருக்கும் அதே பின்புறத்திற்கே வந்துவிடுகிறோம்.

மேற்கண்ட 11 டன் வண்டியே வெஸ்பே, அதாவது குளவி, எனப் பெயர்பெற்றது. இரண்டாம் பன்சர் டாங்கியை அதன் பொறியியலார் இம்முறை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உடற்கூட்டைச் சிறிது நீட்டி, எஞ்சினை முன்னோக்கி ஓட்டுநருக்கு அருகே நகர்த்தி, பின்புறத்தைத் திறந்த மேடையாக்கினர். குண்டு ஊட்டுவோர் நின்று வேலைசெய்ய இடம் கிடைத்தது. பின்னே வந்து நிற்கும் வண்டியிலிருந்து குண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 1943, 1944ஆம் ஆண்டுகளில் இத்தகைய வண்டிகள் எழுநூற்றுக்குச் சற்றுக் குறைவாகச் செய்யப்பட்டன. அவற்றோடு, பீரங்கி இன்றி அதன் வாயிலைத் தகட்டால் அடைத்துக் குண்டு சுமப்பதற்கென்றே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வண்டிகளும் செய்யப்பட்டன. ஒரு பீரங்கி வண்டி பழுதுபட்டால், அதன் பீரங்கியைக் களத்திலேயே எடுத்துக் குண்டு வண்டியில் பொருத்திவிடலாம். துணை வண்டியும் முதல் வண்டியும் ஒரே உடற்கூடாக இருப்பதன் நன்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை என்பேன்.

இதே பாடத்தை மூன்று படிகளில் கற்ற வண்டி ஒன்று உண்டு. பிராக் நகரத்துச் செ.க.டி. தொழிற்சாலையில் செக்கோஸ்லோவாக்கியப் பொறியாளர்கள் வடிவமைத்த 38(டி) என்னும் இலகு டாங்கியை 1939இல் ஜெர்மானியர் கைப்பற்றினர். 10 டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடையும், 125 குதிரைச்சக்தி எஞ்சினும், பெரிய நான்கு இணைத் தாங்கு சக்கரங்களும் கொண்ட எளிய இயந்திரம் அது. டாங்கியாக அதன் ஆயுள் 1942இல் முடிந்துவிட்டது. ஆனால் அவ்வாண்டே அதன் கோபுரத்தை நீக்கி, ரஷ்யரிடமிருந்து கைப்பற்றிய 76.2 மில்லிமீட்டர் பீரங்கியை நடுவே நிறுத்தினர். இதுவே மூன்றாம் மார்டர் வண்டியின் முதற்படி. எஞ்சின் பின்னே இருந்தமையால், வீரர்கள் உயர்ந்த மேடையில், முன்னும் பக்கத்திலும் ஓரளவே மறைப்புடன், பின்னும் மேலும் வெட்டவெளியாக நின்றனர். அடுத்த படியில் ஜெர்மானியரின் சொந்தப் பீரங்கி வந்தது. மறைப்புச் சற்று மேம்பட்டது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. 1943இல் வந்த மூன்றாம் படியில்தான் எஞ்சினை நடுப்பகுதிக்குக் கொணர்ந்து, வீரர்களைப் பின்புறத்தில் இறக்கினர். காலடியில் ஓடிய தண்டு மறைந்தது. அதனால் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. தளம் தாழ்ந்ததும் வண்டியின் உயரம் குறைந்தது. எஞ்சினை இடம் மாற்றிய ஒரே செயல், தகட்டின் தடிப்பைக் கூட்டாமலேயே வீரர்களுக்கு மறைப்பைத் தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதற்கு ஓராண்டு கழிந்தது. அவ்வோராண்டில் முதற்படி வண்டிகளின் மேடையில் நின்றவர்களின் நிலை என்னவாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அதே உறுப்புகளிலிருந்து 1944இல் ஹெட்சர் என்னும் டாங்கி எதிர்ப்பு வண்டியும் பிறந்தது. உடற்கூட்டை அகலப்படுத்தி, நாற்புறமும் சாய்தகடுகளால் மூடினர். எடை 16 டன்னை எட்டிற்று. எஞ்சினைப் பின்னேயே விட்டுவிட்டமையால் பீரங்கியை முன்னே வலப்புறமாக ஒதுக்கி வைக்க நேர்ந்தது. விளைவு: குழாய் இடப்புறம் 5 பாகை மட்டுமே திரும்பும், வலப்புறம் 11 பாகை திரும்பும். உள்ளே நால்வர் நெருக்கிக்கொண்டு அமர்ந்தனர்; வண்டியின் முன்புறம் கனத்தது. ஆயினும் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 2,800 வண்டிகள் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்த பின்னும் சுவிட்சர்லாந்து நாட்டார் அதை வாங்கி 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை வைத்திருந்தனர். அதே செக் டாங்கியின் உரிமம் பெற்றுத் தம் நாட்டில் கட்டிய சுவீடன் நாட்டார், 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவற்றின் அடிச்சட்டங்களைக் காலாட்படை வண்டிகளாக்கினர். கழற்றிய கோபுரங்களை விமானத் தளங்களின் காவலுக்குத் தரையில் பதித்தனர். சிக்கனம் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

ரஷ்யர் கற்ற பாடம் வேறு வகையானது. 45 மில்லிமீட்டர் பீரங்கியுடன் கூடிய டி-70 என்னும் இலகு டாங்கி 1942இல் வெளிவந்தபொழுதே பின்தங்கியிருந்தது. அதில் தலா 70 குதிரைச்சக்தியுள்ள இரண்டு மோட்டார் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கத்தில் அமைந்திருந்தன. அதன் உடலை நீட்டி, பக்கத்திற்கு ஒரு தாங்கு சக்கரத்தைக் கூட்டி, 76 மில்லிமீட்டர் பீரங்கியைப் பின்னே ஏற்றி எஸ்.யு-76 செய்தனர். பின்புறத்தில் வீரர்களுக்கு இடம் வைத்தது நல்ல எண்ணமே. ஆனால் முதலில் செய்த சில நூறு வண்டிகளில் இரு எஞ்சின்களையும் பக்கம்பக்கமாக வைத்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கியர்ப் பெட்டி அமைத்தனர். இரண்டையும் ஒத்த வேகத்தில் ஓட்ட இயலவில்லை. முறுக்கதிர்வினால் தண்டுகளும் கியர்களும் முறிந்தன. உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. 1943இல் எஞ்சின்களை டி-70இல் இருந்தவாறே ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் அமைத்த பின்னரே அவ்வண்டி நிலைபெற்றது. யுத்தம் முடியுமளவில் 14,000க்கு மேற்பட்டவை கட்டப்பெற்றன. இது தாய் டாங்கியின் எண்ணிக்கையைவிடப் பெரிது. மேற்கூரை இன்மையால் பனியும் சிதறல்களும் வீரர்கள்மீது விழுந்தன என்பது உண்மை. ஆனால் காலாட்படைக்கு அருகே நின்று உதவும் பீரங்கி இல்லாமையைவிடக் கூரையற்ற பீரங்கி மேலானது என்று அவர்கள் கொண்டதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

அமெரிக்கர் வசதியுள்ளவர், ஆதலால் அவர்கள் இரு வழிகளையும் முயன்றனர். எம்-5 என்னும் ஸ்டூவர்ட் டாங்கியில் பெரிய திறந்த கோபுரத்தையும் 75 மில்லிமீட்டர் ஹௌவிட்சரையும் வைத்து 1,778 வண்டிகள் செய்தனர். புதிய கோபுரம் அகன்றதாயிருந்தமையால் ஓட்டுநரின் மேல்மூடி திறக்க இடமின்றி, அதை முன்சாய்தகட்டிற்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றை மாற்ற மற்றொன்று இடர்ப்படுவது இத்தொழிலின் இயல்பு. 1944இல் வந்த எம்-24 டாங்கியிலோ அவர்கள் முன்யோசனையுடன் நடந்துகொண்டனர். டாங்கி, விமான எதிர்ப்பு வண்டி, 105 மில்லிமீட்டர், 155 மில்லிமீட்டர் ஹௌவிட்சர் வண்டிகள் ஆகிய யாவும் ஒரே உறுப்புகளைக் கொண்ட குடும்பமாக இருத்தல் வேண்டும் எனத் திட்டமிட்டனர். டாங்கியில் எஞ்சின் பின்னே இருந்தது. விமான எதிர்ப்பு வண்டியிலும் 155 மில்லிமீட்டர் வண்டியிலும் அதே எஞ்சின் நடுவே வந்தது. உறுப்புகள் ஒன்றே, உடற்கூடு இரண்டு. அவ்விரு வண்டிகளும் கொரியா யுத்தத்தில் பணியாற்றின.

நம் நாட்டுச் சேனையின் அனுபவமும் இதையே காட்டுகிறது. நாம் வைத்திருந்த இரு இலகு டாங்கிகளில் ஒன்று பிரான்சின் ஏ.எம்.எக்ஸ்-13, மற்றொன்று ரஷ்யாவின் பி.டி-76. இரண்டும் ஏறத்தாழ 14 டன் எடையுள்ளவை. இரண்டும் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிறந்தவை. முன்னது 1962இல் அன்டனோவ்-12 விமானத்தில் ஏற்றப்பட்டு 4,300 மீட்டருக்கு மேற்பட்ட சுஷூல் பீடபூமியில் இறங்கிற்று. 1965இல் சாம்ப் களத்தில் போரிட்டது. பின்னது நீரில் மிதக்க வல்லது. 1971 நவம்பரில் கரீப்பூரில் தன்னிலும் கனமான டாங்கிகளை எதிர்த்து நின்றது. அதன் சங்கிலிப் பட்டை 36 சென்டிமீட்டர் அகலமும், தரையில் படியும் நீளம் ஏறத்தாழ 4 மீட்டரும் உடையது. இரு பட்டைகளின் பரப்பால் 14,000 கிலோவை வகுத்தால் சதுரச் சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அளவே வரும். வங்கத்துச் சேற்றில் அது செல்ல முடிந்ததன் காரணம் இச்சிறு கணக்கினுள் அடங்கியுள்ளது.

இவ்விரண்டின் வழித்தோன்றல்களை ஒப்பிடுக. ஏ.எம்.எக்ஸ்-13இன் எஞ்சின் முன்னே, ஓட்டுநரின் வலப்புறத்தில் இருந்தது. கோபுரம் பின்னே இருந்தது. கோபுரத்தை நீக்கியதும் பின்புறம் இயல்பாகவே அறையாயிற்று. இரண்டு கதவுகள் வைத்தனர். பத்து வீரர்கள் தரைமட்டத்தில் இறங்கும் காலாட்படை வண்டி கிடைத்தது. அதிலிருந்தே ஆம்புலன்ஸ், 105 மில்லிமீட்டர் பீரங்கி வண்டி, பாலம் இடும் வண்டி, மீட்பு வண்டி ஆகியன வந்தன. 155 மில்லிமீட்டர் பீரங்கியையும் அதன்மேல் ஏற்றினர். ஆனால் ஓட்டுநரையும் தலைவரையும் தவிர ஏனையோருக்கு இடமின்றி, அவர்கள் அதே குடும்பத்துக் காலாட்படை வண்டியில் பின்தொடர வேண்டியிருந்தது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்தது. பி.டி-76இன் எஞ்சினோ பின்னே இருந்தது. அதிலிருந்து வந்த பி.டி.ஆர்-50 என்னும் காலாட்படை வண்டியில் இருபது வீரர்கள் அமரலாம். ஆயின் இறங்குவதற்குப் பின்கதவு இல்லை. பக்கச் சுவரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குண்டுமழையின் நடுவே, தலையும் மார்பும் முதலில் வெளியே தெரியுமாறு! செக் நாட்டார் அதையே டோபாஸ் என்ற பெயரில் செய்தபொழுது பக்கத்தில் கதவு வைத்தனர். நம் சேனையிலும் அது இருந்தது. பக்கக்கதவு நல்லதே, எனினும் பக்கத்தில் இறங்குவோன் வண்டியின் மறைவை இழந்துதான் இறங்குகிறான். ஒரு தூக்குப்படுக்கையை அவ்வழியே நுழைப்பதோ இன்னும் அரிது.

ரஷ்யர் இதை உணர்ந்தே 1960ஆம் ஆண்டுகளில் பி.எம்.பி. வண்டியில் எஞ்சினை முன்னே வைத்தனர். அதன் இரண்டாம் வகை 1987 முதல் சாரத் என்னும் பெயரில் மேடக் தொழிற்சாலையில் கட்டப்பெற்றது. அதன் அடிச்சட்டத்திலிருந்து ஆம்புலன்ஸ், மிதக்கும் மண்வாரி வண்டி, பொறியியல் வேவு வண்டி, சிறு பீரங்கியைச் சுமக்கும் வண்டி, உடலை நீட்டிய நாக் ஏவுகணை வண்டி எனப் பல நம் நாட்டிலேயே உருவாயின. பெரும் முயற்சியின்றி இத்தனை வழித்தோன்றல்கள் கிளைத்தமைக்குக் காரணம், பின்புறம் காலியாயிருந்ததேயாகும். இது இலகு டாங்கி அன்று என்று சிலர் தடைகூறலாம். அத்தடை சரியே. ஆனால் அடிச்சட்டம் தன் பெயரைப் பார்த்துப் பணிசெய்வதில்லை.

முதலிலிருந்தே குடும்பமாகக் கருதிச் செய்யப்பெற்ற இலகு வண்டிக்கு இங்கிலாந்தின் ஸ்கார்ப்பியன் தக்க எடுத்துக்காட்டு. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சேவைக்கு வந்த இதன் எடை 8 டன். எஞ்சின் ஜாகுவார் மோட்டார் காரிலிருந்து எடுக்கப்பட்டு, முன்னே ஓட்டுநரின் பக்கத்தில் வைக்கப்பட்டது. ஸ்பார்ட்டன் வீரர்களை ஏற்றிற்று, சமாரிட்டன் காயமுற்றோரை ஏற்றிற்று, சுல்தான் தலைமையகமாயிற்று, ஸ்டிரைக்கர் ஏவுகணை எறிந்தது, சாம்சன் பழுதானவற்றை இழுத்தது. 1982இல் பாக்லந்துத் தீவுகளின் சேற்றுநிலத்திற்கு எட்டு வேவு வண்டிகளை அனுப்பியபொழுது, ஆங்கிலேயர் ஒரு சாம்சனையும் உடன் அனுப்பினர். எந்தச் சேற்றில் டாங்கி புதையுமோ அந்தச் சேற்றில் புதையாத மீட்பு வண்டி அதுவே.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கூறிவிட வேண்டும். டாங்கியின் முதற்பணி போரிடுதல். மருத்துவ வண்டிக்காகப் போர்வண்டியைக் கெடுத்துக்கொள்ளலாகாது என்பர். எஞ்சின் முன்னே இருந்தால் அதன் வெப்பக்காற்று குறிபார்க்கும் கண்ணாடியின் முன்னே அலைந்து காட்சியைக் கலைக்கும். முன்மேற்பகுதி உயர்வதால் பீரங்கியின் வாயைத் தாழ்த்துவது கடினமாகும். மலைச்சரிவின் மேலிருந்து கீழே சுட வேண்டிய டாங்கிக்கு இது சிறு குறையன்று. முன்னே தைக்கும் குண்டு வீரரைக் காத்தாலும் வண்டியை நிறுத்திவிடும். இவையெல்லாம் உண்மை, பின்புற எஞ்சினே பீரங்கி வண்டிக்கு உகந்தது என வடிவமைப்போர் முடிவுசெய்வாராயின், அதை நான் மறுக்கமாட்டேன். நான் கேட்பது எம்-24 டாங்கியைச் செய்தோர் கேட்டதையே: அதே எஞ்சின், அதே கியர்ப் பெட்டி, அதே சக்கரங்கள், அதே பட்டை ஆகியவற்றைக் கொண்டு, எஞ்சின் முன்னே அமைந்த இரண்டாம் உடற்கூடு ஒன்றை, முதலாவதுடன் சேர்த்தே வரைந்துவிட வேண்டும் என்பதே.

சாரத் வகை வண்டிகள் இருக்கையில் இது எதற்கு என்று வினவலாம். விடை மலையின் காற்றிலே உள்ளது. 4,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்கு அளவே. காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சின் அதே விகிதத்தில் வலிமை இழக்கும். காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ பொருத்திய எஞ்சின் அவ்வளவு இழப்பதில்லை. சாரத்தின் 300 குதிரைச்சக்தி எஞ்சின் முதல் வகையைச் சேர்ந்தது. வண்டியின் எடை 14 டன். சமவெளியில் டன்னுக்கு 21 குதிரைச்சக்தி கிடைப்பது, அவ்வுயரத்தில் 14க்குத் தாழும். சோராவரின் முன்மாதிரி 25 டன் எடையும், டர்போ பொருத்திய 760 குதிரைச்சக்தி எஞ்சினும் உடையது. டன்னுக்கு 30 குதிரைச்சக்தி. அன்றியும், 25 டன் டாங்கி பனிச்சேற்றில் புதைந்தால் அதை 14 டன் வண்டி இழுத்தெடுப்பது எங்ஙனம்? 2020இல் லடாக்கில் எல்லைப்பூசல் எழுந்தபொழுது, 40 டன்னுக்கு மேற்பட்ட டி-72, டி-90 டாங்கிகளை நாம் அங்கே ஏற்றிச் சென்றோம். அவற்றின் பாரமே இலகு டாங்கியின் தேவையை உணர்த்திற்று. விரைந்து ஏறும் டாங்கியைச் செய்துவிட்டு, அதன் மருத்துவ வண்டியையும் குண்டு வண்டியையும் மீட்பு வண்டியையும் பின்தங்கவிட்டால், டாங்கியின் வேகம் துணை வண்டியின் வேகமாகவே குறைந்துபோம்.

1948 நவம்பர் முதல் நாளில் சோஜி லா கணவாயில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், நம் ஏழாம் குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் தோன்றி எதிரியைத் திகைக்கச் செய்ததைப் பலரும் அறிவர். அவற்றை அவ்விடம் சேர்ப்பதற்காகக் கோபுரங்களைக் கழற்றித் தனியே கொண்டுசென்றதைச் சிலரே அறிவர். நலிந்த பாலங்களைத் தாண்டவும் மறைவாகச் செல்லவும் அவ்வாறு செய்தனர். பாதையைச் செப்பனிட்ட பொறியியற்படையினரும் டாங்கி வீரர்களைப் போலவே அவ்வெற்றிக்கு உரியவர். மலைப்போர் எப்பொழுதும் டாங்கியால் மட்டும் நடப்பதன்று. அதன் முன்னும் பின்னும் செல்வனவற்றாலும் நடப்பது.

செலவு மிகுமே என்பது இறுதித் தடை. இரண்டாம் உடற்கூட்டை எஃகில் செய்யும் செலவு பெரிதே. வரைபடத்தின் செலவு அவ்வளவன்று. முழு அளவு மாதிரி ஒன்றை மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் கட்டுவதற்கு ஆகும் செலவு இன்னும் குறைவு. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டியையும், தாங்கு சக்கரங்களுக்கு அட்டைகளையும் வைத்து, இரு தூக்குப்படுக்கைகளையும் ஒரு மருத்துவ உதவியாளரையும் உள்ளே ஏற்றிப் பார்க்கலாம். கனத்த குளிராடையும் கையுறையும் அணிந்த இருவர், காயமுற்றவனைச் சாய்க்காமல் எவ்வழியே உள்ளே கொண்டுசெல்ல முடிகிறது, எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்துவிட ஒரு பிற்பகல் போதும். அவ்வளவை முதல் தொகுதி டாங்கிகளுக்குத் தகடு வெட்டத் தொடங்குவதற்கு முன்னரே ஆவடியில் செய்துவிடலாம்.